முழங்கால் தேய்மான வலிக்கு எம்போலைசேஷன் சிகிச்சை: முதல் ஆலோசனையிலிருந்து ஓராண்டுக் கண்காணிப்பு வரை

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களில் ஒரு பெரிய கூட்டம் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறது. மாத்திரை, களிம்பு, ஊசி எதுவும் முன்பு போலக் கேட்பதில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் போனால், "எக்ஸ்ரேல அவ்வளவு தேயல, வயசும் ஆகல, கொஞ்சம் தள்ளிப்போடலாம்" என்று எலும்பு மருத்துவரே திருப்பி அனுப்புகிறார். படி இறங்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, இரவில் புரண்டு படுத்தால்கூட வலி எழுப்பிவிடுகிறது. ஆனாலும் "தள்ளிப்போடு" என்பதுதான் பதில்.

இப்படி நடுவில் நிற்பவர்களுக்காக வந்த சிகிச்சைதான் முழங்கால் ரத்தக்குழாய் எம்போலைசேஷன். எம்போலைசேஷன் என்றால் ரத்தக்குழாயை உள்ளிருந்து அடைப்பது. ஜெனிகுலர் ஆர்ட்டரி எம்போலைசேஷன் என்ற ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஜி.ஏ.ஈ. என்பார்கள். கத்தி வைப்பதில்லை, தையல் இல்லை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எல்லா முழங்காலுக்குமானது அல்ல. யாருக்குச் செய்கிறோம் என்பதில்தான் இதன் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது. அதனால் சிகிச்சை நாளைவிட அதற்கு முந்தைய படிகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது?

தேய்வது குருத்தெலும்பு. ஆனால் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலியைச் சொல்பவை மற்ற பகுதிகள்: மூட்டின் உட்படலம், குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு, சுற்றியுள்ள கொழுப்புத் திசு, தசைநாண்கள். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் மூட்டோடு சிலர் சுகமாக நடப்பதற்கும், லேசான தேய்மானத்திலேயே சிலர் துடிப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

தேய்மானம் தொடங்கிய மூட்டில் இந்த உட்படலம் அடிக்கடி அழற்சி அடைகிறது. அழற்சி நீடிக்கும்போது உடல் அங்கே புதிது புதிதாகச் சிறு ரத்தக்குழாய்களை வளர்க்கிறது. அந்தக் குழாய்களை ஒட்டியே மெல்லிய உணர்வு நரம்புகளும் வளர்கின்றன. குழாய்கள் அழற்சிக்குத் தீனி போடுகின்றன, நரம்புகள் வலியைச் சொல்கின்றன, அழற்சி மேலும் குழாய்களை வரவழைக்கிறது. இந்தச் சுழற்சியை ரத்த ஓட்டத்தின் பக்கமிருந்து அறுக்கலாமே என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை யோசனை. தேவையில்லாமல் வளர்ந்த சிறு குழாய்களை மட்டும் நுண்துகள்களால் அடைப்பார்கள். மூட்டுக்கு வேண்டிய இயல்பான குழாய்களை விட்டுவிடுவார்கள்.

ஜப்பானைச் சேர்ந்த மருத்துவர் யூஜி ஒகுனோவும் அவருடைய குழுவினரும்தான் இதை முழங்கால் தேய்மானத்துக்குக் கொண்டுவந்தவர்கள். 14 நோயாளிகளை வைத்து அவர்கள் செய்த முதல் ஆய்வு 2014இல் இணையத்தில் வெளியானது. எம்போலைசேஷன் என்ற முறை அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு இதைச் செய்யலாம் என்று பாரிஸ் மருத்துவர்கள் 1995இலேயே எழுதினார்கள். மூட்டு மாற்றிய பிறகு உள்ளே திரும்பத் திரும்ப ரத்தம் கட்டுபவர்களுக்கும் இதே முழங்கால் குழாய்களை அடைத்து வந்தார்கள். வலிக்காக அடைப்பதுதான் புதிது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது குருத்தெலும்பை வளர்க்காது, வளைந்த காலை நிமிர்த்தாது. வலியையும் அழற்சியையும் குறைக்க முயலும் சிகிச்சை, அவ்வளவுதான். "தேய்ந்ததைச் சரி செய்துவிடும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் அங்கே போகாதீர்கள்.

இதே போலப் பெயர் கொண்ட இன்னொரு சிகிச்சையும் உண்டு. ஜெனிகுலர் நரம்புகள் எனப்படும் முழங்கால் நரம்புகளை ரேடியோ அலைச் சூட்டால் செயலிழக்கச் செய்வது அது. வலி மருத்துவர்கள் செய்வார்கள். அது நரம்பில் நடப்பது, இது ரத்தக்குழாயில் நடப்பது. எதைப் பரிந்துரைக்கிறார்கள் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: அடிப்படை வைத்தியத்தை உண்மையிலேயே செய்து பார்த்தோமா?

பெரும்பாலான ஆய்வுகளில், குறைந்தது மூன்று மாதமாவது வழக்கமான வைத்தியம் செய்தும் வலி தீராதவர்களைத்தான் சேர்த்திருக்கிறார்கள். அந்த மூன்று மாதத்தை ஒப்புக்குக் கழிக்கக் கூடாது.

தொடையின் முன்பக்கத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகளை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்று, வாரத்தில் பல நாள் விடாமல் செய்ய வேண்டும். எடை அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: உடல் எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. அமெரிக்காவில் 2005இல் வெளியான ஆய்வில் அளந்து சொன்னது இது. நாளொன்றுக்கு எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று யோசித்தால் அந்த 1 கிலோவின் அருமை புரியும்.

அப்புறம் மருந்துகள். வலி நிவாரணிக் களிம்பு முதலில், மாத்திரை பிறகு. மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக்கூடியவை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே இருப்பவர்கள் மருந்துக் கடையில் தாங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போடுவது ஆபத்து. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும், ஆனால் திரும்பத் திரும்பப் போடுவதற்கானதல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீதம் இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது, வலியில் பெரிய வித்தியாசமும் இல்லை. நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட் அணுக்களைச் செறிவாகப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கும் ஆஸ்திரேலியாவில் 2021இல் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில் உப்புநீரைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து பார்த்த பிறகும் வலி நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால், அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: ஒரு விரலால் வலியைக் காட்டுங்கள்

மருத்துவர் "எங்க வலிக்குது?" என்றதும் முழங்காலை முழுக்க உள்ளங்கையால் தடவி, "இங்கதான் எல்லாம்" என்போம். இந்தச் சிகிச்சைக்கு அது போதாது. ஆலோசனைக்குப் போவதற்கு முன் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, காலைச் சற்று மடக்கி, மூட்டைச் சுற்றிலும் ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். உள்பக்கம், வெளிப்பக்கம், சில்லுக்கு மேலே, கீழே, பின்குழி. எந்த இடத்தில் அழுத்தியதும் "ஆ" என்று வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது உள்பக்க மூட்டுக் கோட்டில் இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், முழங்காலைச் சுற்றி ஓடும் ரத்தக்குழாய்கள் பல. மேலிருந்து இறங்குவது ஒன்று, மேல் உள்பக்கம், மேல் வெளிப்பக்கம், நடு, கீழ் உள்பக்கம், கீழ் வெளிப்பக்கம், முன்கீழிருந்து மேலே திரும்பி வருவது ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பகுதிக்கு ரத்தம் தருகிறது. எல்லாவற்றையும் அடைப்பதில்லை. நீங்கள் விரல் வைத்த இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைத்தான் முதலில் தேடுவார்கள். சிகிச்சை நாளன்று அந்த இடத்தில் சிறிய உலோகக் குண்டு ஒன்றைத் தோலில் ஒட்டிவைக்கும் வழக்கமும் உண்டு. திரையில் அது கரும்புள்ளியாகத் தெரியும், அதையொட்டி எந்தக் குழாய் போகிறது என்று பார்க்க உதவும். உங்கள் விரல்தான் அவர்களுக்கு வரைபடம்.

அழுத்தினால் எங்குமே வலிக்கவில்லை, ஆனால் நடந்தால் வலிக்கிறது என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும். இடுப்பு மூட்டுத் தேய்மானம் முழங்கால் வலியாகத் தெரிவது உண்டு. முதுகுத் தண்டு நரம்பு அழுத்தமும் அப்படித்தான். மடக்கிய கால் நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போகிறதென்றால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் ரத்தக்குழாயை அடைத்து ஒரு பலனும் இல்லை.

படி 3: நின்றுகொண்டு எக்ஸ்ரே, அப்புறம் எம்ஆர்ஐ

எக்ஸ்ரே எடுக்கும்போது நின்றுகொண்டு எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்தால் உடல் எடை மூட்டில் இறங்காது, இடைவெளி உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். ரிப்போர்ட்டில் கெல்க்ரென்–லாரன்ஸ் தரம் என்று 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். 1 என்றால் சந்தேகம், 2 லேசானது, 3 நடுத்தரம், 4 என்றால் எலும்போடு எலும்பு உரசும் நிலை.

அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் முடிவு பெரும்பாலும் அதில்தான் தொங்குகிறது. 1 முதல் 3 வரை உள்ளவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை நன்றாகக் கேட்டிருக்கிறது. கொரியாவில் 2019இல் வெளியான ஆய்வில், தேய்மானம் கடுமையாக இருந்தவர்களுக்கு முதலில் வலி குறைந்தது, ஆனால் மூன்று மாதத்துக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டது. எலும்பும் எலும்பும் உரசும் மூட்டுக்கு, உடல்நிலை இடம் கொடுத்தால், மூட்டு மாற்றுதான் நேரான வழி என்பது என் கருத்து. இதய நோய் போன்ற காரணத்தால் பெரிய அறுவை சிகிச்சை தாங்காதவர்களுக்கு, நாலாம் தரத்திலும் தற்காலிக நிவாரணத்துக்காகச் சில மருத்துவர்கள் செய்கிறார்கள். அதைத் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும்.

எம்ஆர்ஐ பார்ப்பது உட்படல அழற்சி, மூட்டுக்குள் நீர், எலும்பு மஜ்ஜை வீக்கம், ஜவ்வுக் கிழிசல் இவற்றுக்காக. உட்படலம் தடித்து, மூட்டில் நீர் கோத்து இருப்பவர்கள் இந்தச் சிகிச்சைக்குப் பொருத்தமானவர்கள் என்று சொல்லலாம், ஏனென்றால் அடைக்க வேண்டிய குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன.

படி 4: யாருக்கு இது வேண்டாம்

மூட்டிலோ உடலில் வேறெங்கோ கிருமித் தொற்று இருந்தால் வேண்டாம். முடக்குவாதம் போன்ற நோயெதிர்ப்புச் சிக்கலால் வரும் மூட்டு வலிக்கு வேறு மருந்துகள் உண்டு. கால் ரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் சரியாகும் அறிகுறி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ளவர்களுக்குப் பாத நாடியைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் இதற்குச் சம்மதிக்கக் கூடாது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், ரத்தக்குழாய்கள் படத்தில் தெரிவதற்காகச் செலுத்தும் சாய மருந்து பிரச்சினை. அந்த மருந்துக்கு முன்பு ஒவ்வாமை வந்திருந்தாலும், ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலும் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும்.

படி 5: ஆதாரங்களைப் பார்த்து முடிவெடுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒகுனோ குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில் 72 பேரின் 95 முழங்கால்களுக்குச் செய்து தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் சுமார் 86 சதவீதம், மூன்று ஆண்டுகளில் சுமார் 80 சதவீதம் வெற்றி என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், லாஸ் ஏஞ்சலிஸில், 40 பேருக்குச் செய்து 2021இல் வெளியிட்டதிலும் ஓராண்டு முடிவில் வலி மதிப்பெண் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் நடந்த ஆய்விலும் நல்ல முன்னேற்றமே தெரிந்தது.

சரி, அப்படியானால் சந்தேகம் எங்கே வருகிறது? இவை எல்லாவற்றிலும் ஒப்பிட மறுபக்கம் யாரும் இல்லை. முழங்கால் வலி ஏறி இறங்கும் இயல்புடையது. "ஏதோ பெரிய சிகிச்சை செய்துகொண்டோம்" என்ற நம்பிக்கைக்கே வலி நன்றாகக் குறையும். அதனால் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அதாவது ஒரு பகுதியினருக்கு அதே அறையில், அதே மேசையில் எல்லாச் சடங்கும் நடக்கும், ஆனால் துகள்களை மட்டும் செலுத்த மாட்டார்கள். நோயாளிக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது.

அப்படி அமெரிக்காவில் 21 பேரை வைத்து நடந்த சிறு ஆய்வில், ஒரு மாதத்தில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்கள் தெளிவாக முந்தினார்கள். ஆனால் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நடந்த ஆய்வில் இரண்டு குழுவினருக்கும் வலி நன்றாகக் குறைந்தது, இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலிய ஆய்விலும் முதன்மை அளவுகோலில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல், ஆதாரம் போதாது, ஆராய்ச்சியின் பகுதியாக மட்டும் இதைச் செய்யலாம் என்று வழிகாட்டியது.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ இது ஏமாற்று வேலையா" என்று கேட்க வேண்டியதில்லை. ஆய்வுகள் சிறியவை, பயன்படுத்திய துகள்கள் வேறு வேறு, தேர்ந்தெடுத்த நோயாளிகளும் வேறு வேறு. பாதுகாப்பு விஷயத்தில் இதுவரை வந்த தகவல்கள் ஆறுதல் தருகின்றன. ஆனால் "90 சதவீதம் கேரண்டி" என்று அடித்துச் சொல்ல இன்று யாரிடமும் ஆதாரம் இல்லை. தரம் 2 அல்லது 3, அழற்சி இருப்பது உறுதி, விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, மற்ற வைத்தியம் பலிக்கவில்லை. இந்த நான்கும் சேர்ந்தால் முயன்று பார்ப்பதில் நியாயம் உண்டு. இரண்டுதான் சேர்கிறதென்றால் நான் காத்திருக்கச் சொல்வேன்.

படி 6: மருத்துவரும் கேள்விகளும்

இதைச் செய்பவர் எலும்பு மருத்துவர் அல்ல, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். கதிரியல் படித்து, அதற்கு மேல் குழாய் வழிச் சிகிச்சைகளில் பயிற்சி பெற்றவர். எலும்பு மருத்துவரும் அவரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்யும் இடமாக இருந்தால் நல்லது. ஒருவர் கையில் சுத்தியல் மட்டும் இருந்தால் பார்ப்பதெல்லாம் ஆணியாகத் தெரியும், அதுதான் சிக்கல்.

கேட்க வேண்டியவை இவை. முழங்காலுக்கு மட்டும் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எந்தத் துகள் பயன்படுத்துவீர்கள், கரையக்கூடியதா, நிரந்தரமானதா? தோலுக்குப் போகும் கிளைகளை எப்படிப் பாதுகாப்பீர்கள்? பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன?

துகள்களைப் பற்றிக் கொஞ்சம். ஒகுனோ குழு அதிகம் பயன்படுத்தியது இமிபெனம்–சிலாஸ்டாட்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து. சாய மருந்தோடு கலந்தால் அது நுண்படிகங்களாக நிற்கும், குழாயைத் தற்காலிகமாக அடைக்கும், பிறகு கரைந்துவிடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 75 முதல் 300 மைக்ரான் வரையிலான நிரந்தர நுண்மணிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 70 மைக்ரான் என்றால் அளவு பிடிபடும். பிரான்சில் லிப்பியோடால் என்ற எண்ணெய்ச் சாயத்தைக் குழம்பாக்கிச் செலுத்துகிறார்கள். கரைவது தவறிப் போனாலும் பாதிப்பு குறைவு என்று சிலர் அதை விரும்புகிறார்கள். எது சிறந்தது என்று தீர்ப்பு வரவில்லை. பென்சிலின் வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் இமிபெனம் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுங்கள், அதுவும் பென்சிலினுக்கு உறவுக்கார மருந்துதான்.

காப்பீடு இருந்தால், இந்தச் சிகிச்சையின் பெயரை எழுதிக் கொடுத்து, பகல்நேரச் சிகிச்சையாக ஏற்பார்களா என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். புதிய முறை என்று நிராகரிக்க வாய்ப்புண்டு.

படி 7: முந்தைய வாரம்

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்த அணுக்கள், ரத்தம் உறையும் நேரம் இவற்றைப் பார்ப்பார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுபவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. குறிப்பாக இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள். எழுதிக் கொடுத்த இதய மருத்துவரிடம் கேட்டு, நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பொறுத்தவரை, சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துச் சிலருக்கு 48 மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

இன்னொரு வேலையும் உண்டு, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு நோட்டில் வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு, ஒரு வாரம் தினமும் எழுதுங்கள். படி ஏறும்போது எத்தனை, இரவில் எத்தனை, தரையிலிருந்து எழும்போது எத்தனை, அன்று எத்தனை வலி மாத்திரை போட்டீர்கள். சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் கழித்து "கொஞ்சம் பரவாயில்லைனு நினைக்கிறேன்" என்று சொல்வதைவிட, இந்த நோட்டு துல்லியமாகப் பேசும்.

படி 8: அந்த நாள்

ஆறு மணி நேரம் திட உணவு இல்லாமல் வரச் சொல்வார்கள். ஆஞ்சியோ செய்யும் அறைதான். முழு மயக்கம் தேவையில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி, கூடவே லேசான தூக்க மருந்து. பேசலாம், கேட்கலாம்.

அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி தொடைத் தமனியில் ஊசியைச் செலுத்தி, அதன் வழியே ஷீத் என்ற சிறு குழாயை வைப்பார்கள். அதற்குள் கெதீட்டர், கெதீட்டருக்குள் அதைவிட மெல்லிய மைக்ரோ கெதீட்டர். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முழங்கால் வரை அதை நகர்த்தி, ஒவ்வொரு கிளையாக நுழைந்து, சாய மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள்.

திரையில் எலும்பை மறைத்துவிட்டு ரத்தக்குழாய்கள் மட்டும் கருங்கோடுகளாகத் தெரியும். இயல்பான கிளை என்றால் கோடு மெலிந்து மெலிந்து மறைந்துவிடும். அழற்சி உள்ள இடத்தில் கோடு முடியும் இடம் வெள்ளைத் துணியில் மை ஊறியதுபோலக் கலங்கிப் பரவி, சில வினாடிகள் அப்படியே நிற்கும். அந்தக் கறைதான் இலக்கு. உலோகக் குண்டின் புள்ளிக்கு அருகில் அந்தக் கறை இருந்தால் அறையில் எல்லோருக்கும் ஒரு திருப்தி. சாய மருந்து அந்தக் கிளைக்குள் போகும் கணத்தில் சிலர் "இதே வலிதான்!" என்று சொல்வதும் உண்டு. சொல்லத் தயங்காதீர்கள், சரியான குழாய்க்குள் இருக்கிறோம் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

பிறகு துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, மிக மெதுவாகச் செலுத்துவார்கள். கறை மறைய வேண்டும், தாய்க்குழாயில் ஓட்டம் நிற்கக் கூடாது. முழங்காலின் தோலில் ஐஸ் பை வைப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். குளிரில் தோலின் குழாய்கள் சுருங்கும், துகள்கள் அங்கே தவறிப் போவது குறையும். வலிக்கும் இடத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று கிளைகள் வரை அடைப்பது வழக்கம். எல்லாம் முடிய ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

ஷீத்தை எடுத்ததும் அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடிப்பார்கள் அல்லது தமனியை மூடும் சிறு கருவி வைப்பார்கள். சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். பிறகு எழுந்து நடந்து பார்த்து, பெரும்பாலானவர்கள் அன்று மாலையே கிளம்பிவிடுகிறார்கள். கூட ஒருவர் வர வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது.

படி 9: முதல் இரண்டு வாரம்

முழங்கால் முதல் சில நாள் முன்பைவிட அதிகமாக வலிக்கலாம். இது பலரைப் பயமுறுத்துகிறது. ஐஸ் ஒத்தடமும் மருத்துவர் எழுதிய வலி மாத்திரையும் போதும், பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். முழங்காலைச் சுற்றித் தோல் சிவந்தோ ஊதா நிறத்திலோ வலை போலத் தெரிவதும் உண்டு. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வருவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சில வாரங்களில் தானாக மறையும். தொடை இடுக்கில் சிறிய கன்றல் சாதாரணம்.

வீட்டுக்குள் அன்றே நடக்கலாம். பளு தூக்குவது, குந்தி உட்காருவது, வேகமாகப் படி ஏறுவது ஒரு வாரத்துக்கு வேண்டாம். இந்தியக் கழிப்பறை மட்டும் உள்ள வீடு என்றால் முன்கூட்டியே ஒரு கமோடு நாற்காலி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்: தொடை இடுக்கில் ரத்தம் கசிவது அல்லது திடீரென்று புடைப்பது, கால் ஜில்லென்று வெளுத்தோ நீலம் பாய்ந்தோ போவது, முழங்கால் தோல் கறுத்துப் புண்ணாவது, காய்ச்சலோடு மூட்டு சூடாகி வீங்குவது, பாதம் மரத்து உணர்ச்சி திரும்பாமலிருப்பது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது. இவை அரிது. ஆனால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடக்கூடியவை அல்ல.

படி 10: மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு

சிலருக்கு ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். பலருக்குச் சில வாரங்கள் ஆகும். மூன்று மாதம் கழியும் முன் "பலிக்கவில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் பார்க்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் பழைய நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

வலி குறைந்த மாதங்கள்தான் மிக மதிப்பானவை. வலி இருந்தபோது செய்ய முடியாத தொடைத் தசைப் பயிற்சி இப்போது முடியும். வலி போய்விட்டதே என்று பயிற்சியை விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கிடைத்த அவகாசத்தில் தசையை ஏற்றி, எடையை இறக்கினால் மட்டுமே அடுத்து வரும் ஆண்டுகள் சுலபமாகும். அழற்சி அடங்கினாலும் மூட்டில் விழும் சுமை அப்படியே இருந்தால் அது திரும்ப வரும்.

வலி திரும்பினால் முதலில் நின்றபடி மறுபடி ஓர் எக்ஸ்ரே. தரம் மாறவில்லை, முன்பு நன்றாகக் கேட்டிருந்தது என்றால் இரண்டாம் முறை செய்வதும் உண்டு. முதல் முறை கொஞ்சமும் கேட்காதவர்களுக்கு மீண்டும் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாலாம் தரத்துக்குப் போயிருந்தால் மூட்டு மாற்றைப் பற்றிப் பேசும் நேரம் அது. எம்போலைசேஷன் செய்துகொண்டதால் பிற்பாடு மூட்டு மாற்றுவதற்குக் கதவு மூடிவிடுவதில்லை.

கடைசியாக ஒரு வேலை. மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது ஆஞ்சியோ படங்கள் அடங்கிய குறுந்தகட்டையோ பென்டிரைவையோ கேட்டு வாங்குங்கள். எந்தெந்தக் கிளைகளை அடைத்தார்கள், எந்தத் துகள், எத்தனை மைக்ரான், எவ்வளவு செலுத்தினார்கள் என்பது டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று ஆண்டு கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் உங்கள் முழங்காலைப் பார்க்கும்போது, அந்த நாலு வரிதான் அவருக்கு முதலில் வேண்டியிருக்கும்.